இரும்பு மலையா, உப்பு மலையா?

ஒருநாட் பயணத்துக்கு இரண்டு சுரங்க ஊர்கள்

சூரிச் மாநகரின் மேற்கே, லிம்மற் ஆற்றோரமாக அமைந்துள்ள ஷ்லீரன் நகரில் வாழும் எம்மவர் குடும்பங்கள் சில, ஆண்டுக்கொருமுறை ஒன்றுசேர்ந்து ஒருநாட் பயணம் போவது வழக்கம். றைன் அருவியைப் பார்த்தாயிற்று. லூசேர்ண் நகரின் மரப்பாலத்தில் நின்று படமும் எடுத்தாயிற்று. இவ்வாண்டு எங்கே என்ற கேள்வி எழுந்தபோது, பிள்ளைகள் ஒரே குரலில் "சுரங்கம்" என்றார்கள். எந்தச் சுரங்கம் என்பதில்தான் வீடுகள் இரண்டாகப் பிரிந்தன.

ஒரு பகுதியினர் சென்ட் காலன் மாநிலத்துச் சார்கன்ஸ் என்றனர். அது இரும்பு எடுத்த ஊர். மறுபகுதியினர் வோ மாநிலத்துப் பெக்ஸ் என்றனர். அது உப்பு எடுக்கின்ற ஊர். இரண்டையும் முன்கூட்டியே போய்ப் பார்த்துவந்து தீர்ப்புக் கூறும் பொறுப்பு எம்மிடம் ஒப்படைக்கப்பட்டது. முன்னொரு காலத்தில் பல்கலைக்கழகத்தில் விரிவுரை செய்தவர் என்பதைத் தவிர எமக்கு இதில் வேறு தகுதி எதுவுமில்லை. எனினும், சென்ற இலையுதிர் காலத்தில் சார்கன்சுக்கும் இவ்வாண்டு இளவேனிலில் பெக்சுக்கும் போய்வந்தோம். கண்டதையும் கேட்டதையும் வாசகர்கள் முன் வைக்கின்றோம். இதே கேள்வி வேறு நகரங்களில் உள்ள குடும்பங்களுக்கும் எழக்கூடும்.

சுரங்கம் பற்றிப் பேச ஷ்லீரன் பொருத்தமான ஊரே. இன்று உயிரியல் ஆய்வுகூடங்கள் நிறைந்திருக்கும் வளாகத்திலேதான் ஒருகாலத்தில் புகையிரதப் பெட்டிகளும் மின்தூக்கிகளும் செய்யும் பெரும் தொழிற்சாலை இயங்கியது. ஊரார் அதனைச் செல்லமாக "வாகி" என்பர். 1985ஆம் ஆண்டில் அது மூடப்பட்டது. சூரிச் மாநகரசபையின் எரிவாயு ஆலையும் இவ்வூரிலேயே இருந்தது. 1898 முதல் 1974 வரை நிலக்கரியை வேகவைத்து எரிவாயு எடுத்து மாநகருக்கு அனுப்பியது. இரும்பையும் கரியையும் தின்று வளர்ந்த ஊர் இது. அந்தத் தொழில்கள் விடைபெற்றுக்கொண்டிருந்த வேளையில்தான் எம்மவர் கையில் ஒரு பையோடு இங்கு வந்திறங்கத் தொடங்கினர்.

சார்கன்ஸ்

சூரிச் பிரதான நிலையத்திலிருந்து சார்கன்ஸ் ஏறத்தாழ ஒரு மணித்தியாலப் பயணம். சூரிச் ஏரியும் அதன்பின் வாலன் ஏரியும் யன்னலோரமாகவே வந்துகொண்டிருக்கும். நிலையத்தில் இறங்கியதும் தலைக்குமேல் எழுந்து நிற்பது கொன்சன் மலை. உயரம் ஏறத்தாழ 1,830 மீற்றர். அதன் வயிற்றுக்குள் 90 கிலோமீற்றருக்கு மேற்பட்ட நீளத்துக்குச் சுரங்கப்பாதைகள் உள்ளன. இத்தனை தூரம் ஒரு மலைக்குள்ளேயே குடையப்பட்டிருக்கிறது என்றால் உழைப்பின் அளவை வாசகர்கள் உணர்ந்துகொள்ளலாம்.

கொன்சனில் நூற்றாண்டுக் கணக்காக, இடையிடையே நின்றும் மீண்டும் தொடங்கியும், இரும்புத்தாது வெட்டப்பட்டு வந்தது. 1919இல் சுவிஸ் இரும்புத்தொழில் நிறுவனங்கள் கூடி ஒரு கொம்பனியை அமைத்த பின்னரே பெருமளவிலான அகழ்வு ஆரம்பமாயிற்று. இரண்டாம் உலகப்போரின்போது வெளிநாட்டுத் தாது தடைப்பட்டதால் கொன்சனின் மதிப்பு உயர்ந்தது; நூற்றுக்கணக்கானோர் மலைக்குள் இறங்கினர். போர் முடிந்து கப்பல்கள் ஓடத் தொடங்கியதும் மலிவான தாது கடல்கடந்து வந்து சேர்ந்தது. சிறிய நாட்டின் ஒடுங்கிய தாதுப்படை அதனோடு போட்டியிட முடியவில்லை. 1966இல் சுரங்கம் மூடப்பட்டது. அடுத்த ஆண்டு ஆர்காவ் மாநிலத்து ஹெர்ஸ்நாக் சுரங்கமும் மூடப்பட, இந்நாட்டின் இரும்பு அகழ்வு முற்றுப்பெற்றது.

1980களில் ஊரவர்கள் சங்கம் அமைத்து, கொன்சனைப் பார்வையாளருக்குத் திறந்தனர். தலைக்கவசம் தந்து, தொழிலாளர் ஏறிய அதே சிறிய தொடருந்தில் ஏற்றி, மலைக்குள் கொண்டுசெல்கிறார்கள். பின்னர் நடை. உள்ளே குளிர், கோடையிலும் கம்பளிச் சட்டை வேண்டும். துளையிடும் இயந்திரங்களும் தாது வண்டிகளும் வேலையாட்கள் நேற்று வைத்துவிட்டுப் போனவைபோல நிற்கின்றன. ஓரிடத்தில் எமக்கு வழிகாட்டியவர் விளக்குகளை அணைத்துக் காட்டினார். அந்த இருட்டைச் சொல்லில் எழுதவியலாது. கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் வேறுபாடு இல்லை. எம்மோடு வந்த நண்பர் எமது கையை இறுகப் பற்றிக்கொண்டார். அதுபற்றிப் பின்னர் கூறுவோம்.

பெக்ஸ்

பெக்ஸ் தொலைவிலுள்ளது. சூரிச்சிலிருந்து லோசான் சென்று, ஜெனீவா ஏரிக்கரையோரமாக மொந்திரோவையும் சில்லோன் கோட்டையையும் தாண்டி, றோன் பள்ளத்தாக்கினுள் நுழையவேண்டும். ஏறத்தாழ மூன்று மணித்தியாலம். பெக்ஸ் நிலையத்திலிருந்து வில்லார் நோக்கி மலையேறும் சிறிய தொடருந்தில் பெவியூ என்ற இடம்வரை போய், எஞ்சிய தூரத்தை நடந்து கடக்கலாம்.

இங்கே உவர்நீர் ஊற்றுக்கள் இருப்பது பதினைந்தாம் நூற்றாண்டிலேயே தெரிந்திருந்தது. ஆடுகள் வேறு சுனைகளை விட்டு ஒரு சுனையிலேயே வாய்வைப்பதைக் கண்ட இடையன் ஒருவன் அந்நீரைக் காய்ச்சிப் பார்த்தான் என்பது ஊர்க்கதை. 1684ஆம் ஆண்டில் முதலாவது சுரங்கப்பாதை குடையப்பட்டது. அக்காலத்தில் வோ நாடு பேர்ண் அரசின் ஆட்சிக்குட்பட்டிருந்தது. உப்புக்குப் பிறநாட்டார் கையை எதிர்பார்த்திருந்த பேர்ண் ஆட்சியாளர்கள், இந்த மலையைத் தமது உடைமையாக்கிக்கொண்டனர். உப்பில்லாமல் பாற்கட்டி இல்லை. பனிக்காலத்துக்கு இறைச்சியைப் பதப்படுத்தவும் வழியில்லை. உப்பை வைத்திருப்பவன் ஆட்சியையும் வைத்திருக்கிறான் என்பதை எமக்கு எவரும் கற்பிக்கவேண்டியதில்லை. 1930இல் வேதாரணியத்தில் இராஜாஜி தலைமையில் ஒரு பிடி உப்பு அள்ளப்பட்டபோது வெள்ளையர் ஆட்சி ஏன் தடியோடு வந்தது என்பதை நினைத்துப்பார்த்தால் போதும்.

பெக்சின் சுரங்கப்பாதைகள் ஏறத்தாழ 50 கிலோமீற்றர். சார்கன்சோடு ஒப்பிட்டால் குறைவுதான். ஆனால் ஒரு பெரிய வேறுபாடு உண்டு: பெக்ஸ் இன்றும் வேலைசெய்கிறது. உப்புக் கலந்த பாறைக்குள் நன்னீரைச் செலுத்தி, அது உப்பைக் கரைத்து ஒரு லீற்றருக்கு ஏறத்தாழ 300 கிராம் அளவுக்குக் கனத்துத் திரும்பும்போது வெளியே எடுத்து, ஆலையில் ஆவியாக்கி உப்பாக்குகிறார்கள். 2014 முதல் இது மாநிலங்களின் கூட்டுடைமையான சுவிஸ் உப்பு நிறுவனத்தோடு இணைந்துள்ளது.

பார்வையாளர்களை இங்கும் சிறு தொடருந்தே உள்ளே கொண்டுபோகிறது. கொன்சனைவிட உள்ளே சற்று இளஞ்சூடு. பழைய படிக்கட்டுகளையும் மரக்குழாய்களையும் காட்டுகிறார்கள்.

இச்சுரங்கத்தின் வரலாற்றில் எம்மைக் கவர்ந்த ஒருவர் ஜோன் டி சார்பாந்தியே. ஜெர்மனியின் சாக்சனியில், பிறைபேர்க் என்னும் சுரங்க நகரில் பிறந்து, 1813இல் பெக்ஸ் உப்பாலைகளின் பொறுப்பாளராக வந்தவர். பள்ளத்தாக்குகளை முன்பு பனியாறுகள் நிறைத்திருந்தன என்று மலைவாசியான பெறோடன் என்பவர் 1815இல் அவரிடம் கூறினார். கற்றறிந்த சார்பாந்தியே அதனை அப்போது நம்பவில்லை. பின்னர் தானே ஆராய்ந்து, அந்த மலைவாசி சொன்னதே சரியெனக் கண்டு, 1841இல் நூலாக எழுதினார். வந்த நாட்டில் உழைத்த ஓர் அந்நியர், அந்நாட்டு ஏழையொருவரின் சொல்லைக் காலந்தாழ்த்தியேனும் மதித்ததால் ஓர் அறிவியல் வளர்ந்தது. பிள்ளைகளுக்குச் சொல்லத்தக்க கதை.

செலவும் எல்லையும்

செலவை எடுத்துக்கொண்டால் சார்கன்சே வெல்லும். பயணம் குறைவு, கட்டணம் குறைவு, மாலையில் வேலைக்குப் போகவேண்டியவரும் திரும்பிவிடலாம். உணவகச் சமையலறைகளில் சனிக்கிழமை இரவு எம்மவர் இல்லாமல் அடுப்பு எரியாது என்பதை மறக்கலாகாது. பெக்சுக்குப் போவதாயின் நாள் முழுவதையும் ஒதுக்கவேண்டும். அரைக்கட்டண அட்டை உள்ளவர்கள் அதனைப் பயன்படுத்துக. 6 முதல் 16 வயதுவரையான பிள்ளைகளுக்கு ஆண்டுக்கு 30 பிராங் செலுத்தி அட்டை பெற்றால் தாய் அல்லது தந்தையோடு இலவசமாகப் பயணிக்கலாம். நகரசபைகளில் விற்கப்படும் நாட்பயணச் சீட்டுகள் அளவானவை, முந்துவோருக்கே கிடைக்கும். இரு சுரங்கங்களிலும் வழிகாட்டியோடு மட்டுமே உள்ளே போகலாம் என்பதால் முன்பதிவு அவசியம்.

புகலிடக் கோரிக்கை இன்னமும் முடிவாகாதோர், அதாவது "என்" வகை அட்டை வைத்திருப்போர், ஒரு விடயத்தை நன்கு மனத்திற்கொள்ள வேண்டும். இரு ஊர்களும் எல்லைக்கு அண்மையிலுள்ளன. சார்கன்சிலிருந்து பேருந்தில் ஏறினால் சிறிது நேரத்தில் லீக்கின்ஸ்ரைன் நாட்டின் வடூஸ் வந்துவிடும். இடையில் காவலரணோ தடைமரமோ இராது. ஆயினும் அது வேறு நாடு. சூரிச்சிலிருந்து சார்கன்ஸ் வழியாக ஓடும் விரைவுத் தொடருந்துகள் சில ஒஸ்ரியாவுக்குப் போகின்றன. கண்ணயர்ந்தால் எல்லைக்கு அப்பால்தான் விழிப்பீர்கள். பெக்ஸ் பயணத்தில் ஏரிக்கரையில் படகைக் கண்டு ஏறிவிட்டால் அது பிரான்சின் எவியானில் இறக்கிவிடக்கூடும். அனுமதியின்றி எல்லை கடந்தவர் என்ற குறிப்பு ஒரு கோப்பில் ஏறுவதற்கு உல்லாசப் பயணம் காரணமாகிவிடக் கூடாது. "எஃப்" வகை அட்டையினரும் அவ்வாறே.

நிலத்துக்குக் கீழே

நிற்க, விளக்கணைந்த இருட்டில் எமது கையைப் பற்றிய நண்பரிடம் திரும்புவோம். வெளியே வந்து தேநீர் அருந்தும்போது அவர் கூறினார்: "மாஸ்ரர், எனக்குப் பங்கருக்குள்ளை இருந்த ஞாபகம் வந்திட்டுது. மூச்சு எடுக்க ஏலாமல் போச்சு."

உல்லாசமாக நிலத்துக்குக் கீழே இறங்குதல் என்பது சுவிஸ் மக்களுக்கு ஒரு வேடிக்கை. எம்மவரிற் பலருக்கு அது அவ்வளவு எளிதன்று. குண்டுவீச்சுக்கு அஞ்சிப் பதுங்குகுழிகளில் இரவுகளைக் கழித்தவர்கள் நாம். இந்நாட்டுக்கு வந்தபின்னும், முதல் மாதங்களை நிலத்தடிச் சிவில் பாதுகாப்பு அறைகளில், யன்னலில்லாத மூன்றடுக்குக் கட்டில்களில் கழித்தவர்கள் எம்மிடையே உளர். ஷ்லீரனின் மாடிவீடுகள் பலவற்றின் அடியிலும் தடித்த கொங்கிறீற் கதவுடன் அத்தகைய அறை உண்டு. எம்மவர் அங்கே அரிசி மூட்டையும் வெங்காயமும் வைத்திருக்கிறார்கள். அந்தக் கதவைத் தானாகச் சாத்தாமல் பார்த்துக்கொள்ளும் தாய்மாரையும் நாம் அறிவோம்.

எனவே, எந்த ஊர் அழகானது என்று கேட்குமுன், உள்ளே வர விரும்பாதவர் எங்கே இருப்பார் என்று கேட்டல் முறை. சார்கன்சில் சுரங்க வாயிலருகே உணவகம் உண்டு. ஊரின் மேலே பழைய கோமகனாரின் கோட்டையும், அதற்குள் வட்டார அருங்காட்சியகமும் உள்ளன. பெக்சிலோ ஊரையும் றோன் பள்ளத்தாக்கையும் பார்த்திருக்கலாம். அடுத்த நிலையமான சென் மொறிசில் 515ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட துறவிமடம் உள்ளது. "பயமா?" என்று எவரையும் கேலிசெய்தல் ஆகாது. வெளியே இருப்பதும் பயணத்தின் ஒரு பகுதியே என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

ஒரு முதியவரின் வாக்கு

இவற்றையெல்லாம் குடும்பங்களின் கூட்டத்தில் எடுத்துரைத்தோம். செலவு, தூரம், நேரம் மூன்றையும் கருதிச் சார்கன்சே ஏற்றது என்பது எமது முடிபு. பெரும்பாலோர் தலையசைத்தனர். அப்போது, அதுவரை பேசாதிருந்த எண்பது வயதை அண்மித்த ஐயா ஒருவர் கையை உயர்த்தினார். இளமையில் ஆனையிறவு உப்பளத்தில் வேலைபார்த்தவர். அவர் கேட்டது இவ்வளவுதான்:

"மாஸ்ரர், அந்தப் பெக்ஸ் உப்பை நாக்கிலை வைச்சுப் பாத்தனீரோ?"

பார்த்தோம் என்றோம்.

"எங்கடை உப்பு மாதிரியோ?"

எம்மால் விடைகூற இயலவில்லை. உப்பு உப்புத்தானே என்று சொல்ல வாய்வரவில்லை.

அவர் எழுந்து, பிள்ளைகளை நோக்கிப் பேசினார். கடனீரேரியின் நீரைப் பாத்திகட்டித் தேக்குவதையும், வெயிலும் காற்றும் சேர்ந்து அதனை வற்றச்செய்வதையும், ஒரு காலையில் பாத்தி முழுவதும் வெள்ளை பூத்து உப்பு "விளைந்து" கிடப்பதையும், ஒரு மழை பெய்தால் அத்தனையும் கரைந்து போவதையும் கூறினார். கால்விரல் இடுக்குகளில் உப்பு அரித்த தழும்பைக் காட்டினார். அவருடைய பேரன் ஜெர்மன் மொழியிற் சிந்திக்கும் பிள்ளை. "அப்பப்பா, நீங்கள் உப்பு விவசாயியா?" என்றான். கூட்டம் சிரித்தது. ஐயா மட்டும் சிரிக்கவில்லை. "ஓம், அப்பிடித்தான்" என்றார்.

ஆனையிறவு என்றால் எம் பிள்ளைகளுக்குப் போர்க்களத்தின் பெயர். 1991, 2000, 2009 என்று ஆண்டுகள் சொல்வார்கள். அங்கே போருக்கு முன்னரும் மனிதர் உழைத்தனர், கூலி பெற்றனர், நாடெங்கும் உப்பனுப்பினர் என்பது அவர்களுக்குத் தெரியாது. 1990களில் உற்பத்தி நின்று, நெடுங்காலம் பாழ்பட்டுக் கிடந்து, போரின்பின் உப்பளம் மீண்டும் விளையத் தொடங்கியது. 2025 மார்ச்சில் அங்கே மேசையுப்பு ஆலையொன்றும் திறக்கப்பட்டது. ஐயா இவற்றைச் செய்தியாக அறிந்திருக்கிறார். நேரில் பார்க்கும் உடல்வலு இனி அவருக்கில்லை.

அன்றிரவு எமக்குக் கோலார் தங்கவயலின் நினைவு வந்தது. கருநாடகத்து அச்சுரங்கத்தில் 1880களிலிருந்து வட ஆர்க்காட்டுத் தமிழர் தலைமுறை தலைமுறையாக இறங்கினர். மூன்று கிலோமீற்றருக்கும் மேற்பட்ட ஆழம்வரை சென்றனர்; பலர் நுரையீரலில் கற்றூளோடு திரும்பினர். 2001 பெப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்டது. இன்று அந்நகரின் மக்கள் விடியுமுன் தொடருந்தேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போகின்றனர். சுரங்கம் மூடினால் ஊர் மூடுவதில்லை. அங்கே உழைத்தவரின் கதைதான் முதலில் மூடிப்போகிறது. கொன்சனில் அக்கதையைச் சொல்ல ஊரவர் சங்கம் வைத்திருக்கிறார்கள். எமது உப்பளத்தின் கதையைச் சொல்ல, ஷ்லீரனில் எம்மிடம் இருப்பவர் ஒரே ஓர் ஐயா.

எமது முடிபு

ஆகவே தீர்ப்பை மாற்றிக்கொண்டோம். இவ்வாண்டு பெக்ஸ், அடுத்த ஆண்டு சார்கன்ஸ். மூடிய சுரங்கம் இன்னும் ஓராண்டு காத்திருக்கும். முதுமை அப்படிக் காத்திருக்குமென்று எவரும் உறுதிகூற முடியாது. கூடுதற் செலவைப் பங்கிட்டுக்கொள்ளக் குடும்பங்கள் இணங்கின. எமது கையைப் பற்றிய நண்பர், உள்ளே வராமல், சென் மொறிசுக்குப் போய்வர விரும்புவோருக்குத் துணையிருக்க ஒப்புக்கொண்டார். ஐயாவுக்கு மடிப்புக் கதிரையொன்று கொண்டுபோகிறோம். நடை அதிகமானால் இடையிடையே இருந்து போகலாம்.

வேறு நகரங்களிலுள்ள வாசகர்களுக்கு எமது ஆலோசனை இது. கையிருப்புக் குறைவாகவும், துள்ளித்திரியும் பிள்ளைகள் அதிகமாகவும், மாலையில் வேலை காத்திருப்போராகவும் இருந்தால் சார்கன்சைத் தெரிவுசெய்க. குறை எதுவும் இராது. உங்கள் வீட்டில் உப்பளத்திலோ கடற்கரையிலோ வாழ்ந்த முதியவர் ஒருவர் இருந்தால் பெக்சைத் தெரிவுசெய்க. எங்கே போயினும் வழிகாட்டியிடம் தாதின் அளவை மட்டும் கேட்காது, வெட்டியவர்கள் யாரென்றும் கேளுங்கள். திரும்பும் வழியில், அதே கேள்வியைத் தொடருந்தில் உங்கள் அருகே அமர்ந்திருக்கும் முதியவரிடமும் பிள்ளைகளைக்கொண்டு கேட்கச் செய்யுங்கள்.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பது எம்மவர் முதுமொழி. இந்நாட்டு உப்பைத் தின்று பல்லாண்டாயிற்று. அது எங்கிருந்து வருகிறதென்று போய்ப் பார்ப்பதும் நன்றியே. ஐயாவின் மகள் சென்ற முறை ஊருக்குப் போய்வந்தபோது ஆனையிறவு உப்பில் ஒரு பொதி கொண்டுவந்தாராம். அது நிலவறையில், அரிசி மூட்டைக்குப் பக்கத்தில், பிரிக்கப்படாமலே இருக்கிறது. பெக்சுக்குப் போகும் நாளில் அதில் ஒரு சிட்டிகையைக் காகிதத்தில் மடித்துச் சட்டைப்பையில் எடுத்துவருவதாக ஐயா கூறியிருக்கிறார். இரண்டையும் அடுத்தடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தாற்றான் சரியாகத் தெரியுமாம்.